பெயரில் மட்டும் பனை: வாசகர் கேள்வி பதில்

முட்செடிகளைப் பற்றி எழுதியனுப்புங்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே செடியைப் பற்றியவை: மடகஸ்கார் பனை. ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: தோட்டக்கடையில் மடகஸ்கார் பனை என்று சொல்லித் தந்தார்கள். தண்டு முழுக்க முள், உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. மாமி பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, கள்ளியை வீட்டுக்குள்ள கொண்டுவந்திருக்கிறாய்" என்கிறா. இது பனையா, கள்ளியா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: இரண்டும் இல்லை. ஆனாலும் மாமிக்குப் பாதிப் புள்ளி கொடுக்கலாம். கள்ளியைப் போலவே தண்டில் தண்ணீரைச் சேமித்து வைக்கும் செடிதான். குடும்பம் மட்டும் வேறு. முற்றத்தில் நிற்கும் அலரி, நந்தியாவட்டை, பட்டிப்பூ எல்லாம் இதற்குச் சொந்தம். அடீனியம் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் கிட்டிய உறவு.

தாவரவியல் பெயர் பாக்கிப்போடியம் லாமெரேய். பாக்கிப்போடியம் என்றால் கிரேக்கத்தில் தடித்த கால். 1899இல் டிரேக் டெல் காஸ்டியோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இந்தப் பெயரில் விவரித்தார். பிறந்த இடம் மடகஸ்காரின் தெற்கிலுள்ள வறண்ட முட்காடு. அங்கே 6 மீற்றர் வரை போகும். சாடியில் ஆண்டுக்கு ஒரு சாண் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி.

வாங்கியது அதுதானா என்று பார்க்க முள்ளைப் பாருங்கள். இலை விழுந்த தழும்பின் அடியில் மூன்று மூன்றாக இருக்கும். இலையடிச் செதில்கள் முள்ளாக மாறியவை அவை. இலை அகலமாக, பளபளத்த கரும்பச்சையாக இருந்தால் லாமெரேய். ஒடுங்கி, நரைத்த நிறத்தில் மெல்லிய மயிரோடு இருந்தால் அதன் உறவான ஜியாயி. பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே.

கிளை கிளையாகப் பிரிந்து சிறிய சிவப்பு, ரோஸ் நிறப் பூ பூக்கும் முள்முடிச் செடியோடு இதைக் குழப்ப வேண்டாம். அதுவும் மடகஸ்காரில் இருந்து வந்ததுதான். ஆனால் அது யூபோர்பியா, நம்முடைய சதுரக்கள்ளியின் இனம். கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும்.

கேள்வி: எங்கள் வீட்டில் விறாந்தை நல்ல வெளிச்சம். அங்கே வைத்துமே செடி மெலிந்து ஒரு பக்கமாகச் சாய்கிறது. இன்னும் வெயில் வேண்டுமா? (வாசகர், நல்லூர்)

பதில்: வேண்டும். கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்குப் போதாது. நம்முடைய வீடுகளில் தாழ்வாரம் நீண்டிருக்கும். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகையில் இருப்பதால் மத்தியான வெயில் ஆண்டு முழுவதும் உயரத்திலிருந்தே விழும். மார்கழியில்கூட ஏறக்குறைய 57 பாகைக்குக் கீழே இறங்காது. ஆகவே ஒரு மீற்றர் தாழ்வாரம் இருந்தால் தெற்கு யன்னலுக்குள் உச்சி வெயில் எட்டிப் பார்க்காது. சித்திரைப் பிறப்பிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் அந்தக் காலத்தில் தெற்கு யன்னலுக்கு ஒன்றுமே இல்லை.

தாழ்வாரத்துக்குக் கீழால் நுழையக்கூடியது காலை வெயிலும் மாலை வெயிலும்தான். கிழக்கு யன்னல் முதல் தெரிவு, மேற்கு அடுத்தது. யன்னலிலிருந்து அரை மீற்றருக்குள் வையுங்கள். நாளுக்குக் குறைந்தது நான்கு மணித்தியாலம் வெயில் நேராகத் தண்டில் விழ வேண்டும். அதற்கு வசதி இல்லாத வீட்டில் இரண்டு செடி வாங்கி, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றும்போது ஒரு பிழை நடக்கும். நிழலில் நின்ற செடியைப் பங்குனி வெயிலில் ஒரே நாளில் இறக்கினால் தண்டின் வெயில் பக்கம் வெளுத்து, பிறகு மண்ணிறத் தழும்பாகும். அது ஆறாது. முதல் நான்கு நாள் காலை ஒரு மணித்தியாலம், அடுத்த நான்கு நாள் இரண்டு மணித்தியாலம் என்று பத்துப் பன்னிரண்டு நாள் பழக்கி எடுங்கள்.

சாய்ந்தது சாய்ந்ததுதான். சாடியைக் கிழமைக்கு ஒரு தடவை கால் சுற்றுத் திருப்பினால் இனிமேல் வளர்வது நேராக வரும். மெலிந்த பகுதி பிறகு பருக்காது. வெயிலில் வளரும் புதுத் தண்டு மேலே தடித்து, இடுப்பு இறுகின குடம்போலத் தெரியும். சிலருக்கு அதுவும் அழகு.

கேள்வி: ஒரு செடி தண்ணி கூடி அழுகிச் செத்தது. அடுத்ததற்குப் பயத்தில் தண்ணியே விடாமல் அதுவும் சுருங்கிவிட்டது. எத்தனை நாளைக்கு ஒருக்கா விட வேண்டும்? (வாசகி, கொக்குவில்)

பதில்: நாள் கணக்கு கேட்பதுதான் இந்தச் செடியில் எல்லோரும் விடும் பிழை. கணக்கு இலையிலும் மண்ணிலும் இருக்கிறது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். தெற்கு மடகஸ்காரில் மழை பெய்வது ஏறக்குறைய கார்த்திகையிலிருந்து பங்குனி வரை. பூமத்தியரேகைக்குத் தெற்கே அதுதான் கோடை. அங்கே மழையும் வெக்கையும் ஒன்றாக வரும், குளிர் வறட்சியோடு வரும். நமக்கு மாறி நடக்கிறது. யாழ்ப்பாணத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்கிறது. அந்த நேரம் வெயில் மங்கி, வாடைக்காற்றும் அடிக்கும். செடி குடிக்க விரும்பாத வேளையில் வானம் ஊற்றுகிறது. குடிக்க ஆசைப்படும் சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து கிடக்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் வளர்ப்பவரின் வேலை.

உச்சியில் புது இலை வந்துகொண்டிருக்கும் காலம், அதாவது நமக்கு மாசி முதல் புரட்டாசி வரை, தாராளமாக விடுங்கள். 20 சென்ரிமீற்றர் வாய் அகலமுள்ள மண்சாடியில் ஏறக்குறைய 4 லீற்றர் மண் இருக்கும். அதற்கு ஒரு தடவைக்கு முக்கால் லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை, அடித்துளையால் வடியும்வரை. பிறகு மண் காயும்வரை ஒரு துளியும் இல்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் யன்னலோரச் சாடி ஐந்து ஆறு நாளில் காய்ந்துவிடும். காற்றோட்டமில்லாத அறையில் பத்து நாளும் எடுக்கும். சோதிக்க ஒரு மெல்லிய மூங்கில் குச்சியைச் சாடியின் ஓரமாக அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சி குளிர்ந்திருந்தால், மண் ஒட்டியிருந்தால் பொறுங்கள். பழகிய பிறகு சாடியைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லும்.

ஐப்பசி பிறந்ததும் பாதியாக்குங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை, அரை லீற்றர். இலை முழுக்க விழுந்துவிட்டால் மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கோப்பை போதும். ஒரு சாணுக்குக் குறைந்த கன்றுகளுக்கு மட்டும் விதிவிலக்கு: தண்டில் சேமிப்பு இல்லாததால் முழுதாகக் காயவிடக் கூடாது.

பயத்தில் தினமும் ஒரு கரண்டி தண்ணி தெளிப்பவர்கள் உண்டு. அது இரண்டு பக்கமும் கெடுதி. மேல் மண் ஓயாமல் ஈரமாயிருந்து தண்டின் கழுத்தை அழுகவைக்கும், அடி வேர் தாகத்தில் சாகும், கிணற்று நீரின் உப்பும் வெளியேறாமல் தங்கும். கீழே தட்டு வைத்திருந்தால் அரை மணித்தியாலத்துக்குள் வெறுமையாக்கிவிடுங்கள். தேங்கிய தண்ணீர் வேருக்கு மட்டுமல்ல, நுளம்பு பெருகவும் இடம்.

கேள்வி: ஒரு மாதமாக இலை மஞ்சளாகி உதிர்கிறது. இப்போது மொட்டைத் தடிதான் மிச்சம். செத்துவிட்டதா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: கடிதம் மார்கழியில் எழுதியிருக்கிறீர்கள். அடியிலைகள் முதலில், ஒன்றொன்றாக மஞ்சளாகி, காம்போடு சுத்தமாகக் கழன்று விழுந்தால் அது ஓய்வு. தண்டை அகப்பைக் காம்பால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் கவலையில்லை. மாசிக்குள் உச்சியில் பச்சை முனை தெரியும். தெரிந்த பிறகே தண்ணீரைக் கூட்டுங்கள். இலை வரட்டும் என்று முதலில் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது எதிர்மாறான வேலை.

வீட்டுக்குள் வெளிச்சமும் வெக்கையும் குறையாத இடத்தில் சில செடிகள் இலை விழுத்தாமலே ஆண்டைக் கடத்தும். அதுவும் நோயல்ல.

இலை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தால் கதை வேறு. வேர் அடிபட்டது, சாடி மாற்றியது, ஈரம் கூடியது, குளிரூட்டியின் காற்று நேரே பட்டது, இவற்றில் ஒன்று. கறுத்த இலையைப் பிடுங்க வேண்டாம். விழும்போது விழட்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்துச் செம்மண்ணில் எதுவும் விளையும். இதற்கு மட்டும் ஏன் ஆகவில்லை? என்ன கலவை போட வேண்டும்? (வாசகர், அளவெட்டி)

பதில்: வலிகாமத்துச் செம்மண் தரையில் நல்ல மண்தான், ஏனெனில் கீழே சுண்ணாம்புக்கல் தண்ணீரை இழுத்துவிடும். சாடிக்குள் அந்த வசதி இல்லை. செம்மண்ணோடு மெல்லிய மணலைக் கலந்தால் இன்னும் மோசம்: மணியின் இடைவெளியைச் செம்மண் அடைத்து, காய்ந்த பிறகு பூச்சுச் சாந்துபோல் இறுகும். நனைந்தால் காற்றுப் போக இடமிருக்காது. வேர் மூச்சுமுட்டிச் சாகும், செத்த வேரில் பித்தியம் போன்ற அழுகல் கிருமி ஏறும். அழுகல் என்று நாம் சொல்வது அந்தக் கடைசிக் கட்டத்தை.

அரை லீற்றர் பேணியால் அளந்து போடுங்கள். ஒரு 20 சென்ரிமீற்றர் சாடிக்கு எட்டுப் பேணி:

கருங்கல் சல்லி அல்லது கழுவிய பரு மணல், 2 முதல் 5 மில்லிமீற்றர் மணி: 3 பேணி
உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டு, அதே பருமன்: 2 பேணி
உமிக்கரி: 1 பேணி
நன்றாக உக்கிய மாட்டெரு: 1 பேணி
செம்மண்: 1 பேணி

கல்லையும் செங்கல்லையும் மா அரிதட்டில் அரித்து, கீழே விழும் தூளை எறிந்துவிடுங்கள். சோம்பலில் எல்லோரும் விடும் படி இது. அந்தத் தூள்தான் பிறகு அடியில் போய்ச் சேறாகும். உமிக்கரி கிடைக்காவிட்டால் விறகுக் கரியை உடைத்துப் போடலாம்; சாம்பல் கலக்கக் கூடாது, அது காரத்தன்மையைக் கூட்டும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. மணற்காட்டு மணலும் வேண்டாம், மணி மிக மெல்லியது. கோழியெரு இந்தச் செடிக்குச் சூடு அதிகம். சல்லிக்குப் பதிலாகச் சுண்ணாம்புக்கல் நொறுக்கைப் போடுபவர்களும் உண்டு. ஏற்கெனவே கடினமான நம் கிணற்று நீரோடு அதுவும் சேர்ந்தால் இலை மஞ்சளாவதற்கு வழி திறந்துவிட்டதாகும்.

அடியில் ஒரு படை கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று பெரியவர்கள் சொல்லித் தந்திருப்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும், நடப்பது எதிர்மாறு. மெல்லிய மண் முழுக்க நனைந்து நிரம்பும்வரை தண்ணீர் கீழேயுள்ள பெரிய கல்லுக்குள் இறங்காது. சாடியின் அடியில் நிற்க வேண்டிய ஈரப்படை கல்லின் மேலே, வேருக்கு இன்னும் கிட்ட வந்து நிற்கும். துளை அடைபடாமல் ஒரு ஓட்டுத் துண்டோ நுளம்புவலைத் துண்டோ போதும். மேலிருந்து கீழ்வரை ஒரே கலவை.

சாடி பூசாத மண்சாடியாக இருக்கட்டும். தண்டைச் சுற்றி மூன்று நான்கு சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் போதும். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் நாட்கணக்கில் ஈரமாகக் கிடக்கும். "பெரிதாக வளரும்தானே" என்று இப்போதே கிடாரம் அளவில் வாங்க வேண்டாம்.

கேள்வி: சாடியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. எருப் போட்டும் மாறவில்லை. (வாசகி, காரைநகர்)

பதில்: எருவை நிறுத்துங்கள். பொருக்கு, கிணற்று நீரின் சுண்ணாம்பும் உப்பும் ஆவியாகாமல் தங்கியது. நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக, அதுவும் புது இலையில் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லையென்று அர்த்தமில்லை. காரம் கூடிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. தீவுப் பகுதிக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துகொள்வதால் இலை நுனியும் கருகும்.

மருந்து மழைநீர். மாரியில் கூரையின் முதல் மழையைக் கழியவிட்டு, அடுத்ததை மூடியுள்ள வாளியிலோ தாங்கியிலோ சேருங்கள். ஒரு செடிக்குச் சித்திரை முதல் புரட்டாசி வரை 30 லீற்றர் அளவில் போதும். முதலில் ஒரு தடவை கழுவி விடவேண்டும்: 4 லீற்றர் சாடிக்கு 12 லீற்றர் மழைநீரை மூன்று தடவையாக, அரை மணித்தியால இடைவெளியில் ஊற்றி வடியவிடுங்கள். இதை வெயிலும் காற்றும் உள்ள நாளில், செடி இலையோடு இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். மேல் மண் இரண்டு சென்ரிமீற்றரைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுக்கலவை போடுங்கள். மஞ்சளான இலை முழுக்கத் தேறாது. அடுத்து வரும் இலைதான் கணக்கு. அதுவும் மஞ்சளானால் கார மண்ணுக்கென்று விற்கும் செலேற்றட் இரும்பை உறையிலுள்ள அளவின்படி கொடுக்கலாம்.

பசளை வேண்டுமானால் 20-20-20 வகைக் கரையும் பசளை, லீற்றருக்கு அரைக் கிராம், மாதம் ஒரு தடவை, மாசியிலிருந்து ஆவணி வரை. காய்ந்த மண்ணில் ஊற்றாமல், முதலில் தண்ணீர் விட்டு நனைத்த மண்ணில். யூரியா போட்டால் தண்டு மளமளவென்று நீண்டு மென்மையாகும். மென்மையான தண்டு அழுகலுக்கும் பூச்சிக்கும் அழைப்பு.

கேள்வி: மூன்றடிச் செடி. சாடி மாற்ற வேண்டும். கையில் குத்தாமல் எப்படித் தூக்குவது? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: பங்குனி முதல் வைகாசி வரை நல்ல காலம். ஒரு கிழமை தண்ணீரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள், காய்ந்த மண் இலகுவாகக் கழலும்.

சணல் சாக்கை நான்காக மடித்து ஒரு பட்டிபோலத் தண்டைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். சாக்கு இல்லாவிட்டால் பழைய மெத்தை நுரைத்துண்டு. முள் 5, 6 சென்ரிமீற்றர் வரை நீளும், துணிக் கையுறை ஒன்றுக்கும் உதவாது. தோல் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கள். செடியைச் சாக்கின் மேல் படுக்க வைத்து, ஒருவர் பட்டியைப் பிடிக்க மற்றவர் சாடியைத் தட்டி இழுக்கட்டும். தனியாகச் செய்யும் வேலை அல்ல. தண்டைக் கயிறு கட்டி இழுத்தால் முள் முறியும். முறிந்த முள் திரும்ப வராது, அந்த இடம் கடைசிவரை சொட்டைதான்.

பழைய மண்ணை விரலால் உதிர்த்து, கறுத்த வேரை மட்டும் வெட்டுங்கள். முன்பு நின்ற அதே ஆழத்தில் நட வேண்டும். சாய்கிறதே என்று தண்டை ஆழப் புதைத்தால் புதைந்த இடம் அழுகும். சாய்ந்தால் மூன்று பக்கமும் கருங்கல்லை வைத்து முட்டுக் கொடுங்கள். முதல் ஏழு நாள் தண்ணீர் இல்லை: வெட்டுப்பட்ட வேர் காய்ந்து மூடட்டும். ஒரு மாதத்துக்குப் பசளையும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றினால் போதும்.

குத்திவிட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். முள் முனை உள்ளே நின்றாலோ வீங்கினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். ஏற்புவலி ஊசி போட்டு எத்தனை ஆண்டு என்பதையும் அவர் கேட்பார்.

கேள்வி: தண்டு சுருங்கிக்கொண்டு போகிறது. தண்ணி விட்டால் தேறும் என்றார்கள். விட விட இன்னும் சுருங்குகிறது. (வாசகி, மானிப்பாய்)

பதில்: உடனே நிறுத்துங்கள். மண் காய்ந்திருக்கும்போது தண்டு சுருங்கினால் தாகம். மண் ஈரமாக இருக்கும்போது சுருங்கினால் குடிக்க வேர் இல்லை. உங்களுடையது இரண்டாவது.

இன்றைக்கே சாடியிலிருந்து எடுத்துக் கழுவிப் பாருங்கள். வேர் மட்டும் கறுத்து, தண்டின் அடி கல்லாக இருந்தால் தப்பலாம். கத்தியைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, அழுகிய வேரை நல்ல வெள்ளைப் பகுதி தெரியும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்பத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகலைக் கத்தியே காவும். வெட்டில் கந்தகத் தூள் பூசி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் பத்து நாள் வெறுமனே வைத்திருங்கள். பிறகு எருவில்லாத காய்ந்த கலவையில் நட்டு, இன்னும் ஒரு கிழமை கழித்து ஒரு கோப்பைத் தண்ணீர். கந்தகம் இல்லாவிட்டால் அரைத்த கரித்தூள். வீட்டுக் கறுவாத்தூளைச் சிலர் சொல்வார்கள், அதில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம்.

தண்டின் அடி பஞ்சுபோல் அமிழ்ந்து மண்ணிற நீர் வந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். உச்சியை வெட்டி நட்டால் முளைக்கும் என்று ஆசை காட்டுபவர்கள் இருப்பார்கள். அடீனியம் போலல்ல, இதில் வெட்டிய தண்டு வேர்விடுவது அரிது.

உச்சி மட்டும் அழுகியிருந்தால் அது நல்ல செய்தி. வெள்ளைத் தசை வரும்வரை மேலிருந்து வில்லை வில்லையாக வெட்டி, கந்தகம் பூசி, நனையாமல் வையுங்கள். அடி நலமாயிருந்தால் சில மாதத்தில் வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வரும்.

கேள்வி: முள்ளின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு. (வாசகி, உரும்பிராய்)

பதில்: மாவுப்பூச்சி. காது துடைக்கும் பஞ்சுக்குச்சியைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள், கிழமைக்கு ஒரு தடவை, நான்கு கிழமை. ஒரு தடவையோடு விட்டால் முட்டை பொரித்துத் திரும்ப வரும். அதிகமாயிருந்தால் ஒரு லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் 5 மில்லிலீற்றர் திரவச் சவர்க்காரமும் கலக்கி, வெயில் இறங்கிய பிறகு தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். எறும்பு ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சியின் தேன்நீருக்காக எறும்புதான் அதைக் காத்து நிற்கும். எறும்பு போகாமல் பூச்சி போகாது. மேலே பூச்சி இல்லாமலே செடி சோர்ந்தால் வேரைக் கிளறிப் பாருங்கள், வேரிலும் ஒரு வகை இருக்கும்.

இலையின் அடியில் நுண்ணிய வலையும் மேலே வெளிர்ப் புள்ளியும் கண்டால் அது சிலந்திப்பேன். சோளகத்தில் வீட்டுக்குள் காற்று வறளும்போது வரும். இலையின் இரண்டு பக்கத்தையும் தண்ணீரால் பீச்சிக் கழுவுவதே பாதி மருந்து.

கேள்வி: பூக்குமா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: பூக்கும், உங்கள் விறாந்தையில் அல்ல. வெளியே முழு வெயிலில், 1.2 மீற்றருக்கு மேல் வளர்ந்த செடி பூக்கலாம். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், ஐந்து இதழும் காற்றாடிபோல் முறுகியிருக்கும். பூத்த இடத்தில் தண்டு கிளைவிடவும் கூடும்.

கேள்வி: விதையிலிருந்து வளர்க்க முடியுமா? (வாசகர், வல்வெட்டித்துறை)

பதில்: அதுதான் சரியான வழி. காய் அலரிக்காய்போல் இரட்டையாக வரும், விதையின் நுனியில் பட்டு மயிர்க் குஞ்சம். ஒரே செடியை வைத்துக்கொண்டு காயை எதிர்பார்க்க வேண்டாம், வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும்.

குஞ்சத்தைக் கழற்றி, விதையை இளஞ்சூட்டு நீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். கழுவிய பரு மணலும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பெடுத்த தும்புத்தூளும் சரிபாதி. விதையை 5 மில்லிமீற்றருக்கு மேல் புதைக்காமல் போட்டு, தெளிந்த பொலித்தீன் பையால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். 25 முதல் 30 பாகை வெப்பம் வேண்டும், நமக்கு அது இலவசம். புது விதை ஒன்று முதல் நான்கு கிழமைக்குள் முளைக்கும். முளை தெரிந்ததும் பையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒரு கிழமையில் எடுத்துவிடுங்கள். மூடியே வைத்தால் நாற்று கழுத்தில் நீர்கண்டு ஒரே இரவில் விழும். மாரியில் விதைக்க வேண்டாம். பங்குனியில் போட்டால் மழைக்குமுன் கன்று கொஞ்சம் தடித்துவிடும்.

கேள்வி: முள்மரம் வீட்டுக்குள் கூடாது என்று அம்மம்மா சொல்கிறா. ஆகாதா? (வாசகி, ஏழாலை)

பதில்: சாத்திரத்தை நாங்கள் தொடவில்லை. ஆனால் தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அம்மம்மா சொல்வதைக் கேளுங்கள். முள் பிள்ளையின் கண்ணுயரத்தில் நிற்கிறது, செடியும் அலரிக் குடும்பத்து நச்சு. சாறு பட்ட கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. நடைபாதையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, கனமான சாடியில் மூலையில் வையுங்கள். வெட்டிய துண்டை ஆடு மாடு எட்டும் குப்பையில் போடாமல் புதைத்துவிடுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகள் இந்தச் செடியைக் கேட்கிறாள். இங்கே வந்து போகும்போது பெட்டிக்குள் ஒரு கன்று வைத்துவிடலாமா? அங்கே பனியில் நிற்குமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: பெட்டிக்குள் வைக்க வேண்டாம், அம்மா. அருகிவரும் தாவரங்கள், விலங்குகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்ஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் பாக்கிப்போடியம் இனம் முழுவதும் இருக்கிறது. மடகஸ்காரின் காட்டிலிருந்து பிடுங்கி விற்பதைத் தடுக்க வந்த கட்டுப்பாடு அது; இலங்கை 1979 முதல் அதில் உறுப்பு நாடு, கனடாவும் உறுப்பு நாடு. வீட்டுச் சாடியில் வளர்ந்த கன்றுதான் என்று நீங்கள் சொல்வது விமான நிலையத்தில் செல்லாது. ஏற்றுமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கேட்பார்கள், இல்லையென்றால் பறிமுதல். ஒரு கன்றுக்கு அந்த அலைச்சல் பெறாது. நாற்றங்காலில் விதையிலிருந்து வளர்த்த செடிகள் அங்கேயே விற்பனைக்கு உண்டு.

வெளியே பனியில் நிற்காது. உறைகுளிர் ஒரு இரவு பட்டாலே தண்டு கூழாகும். கோடையில் பல்கனியில் முழு வெயில், இரவு வெப்பம் 13 பாகைக்குக் கீழே போகத் தொடங்கும்போது உள்ளே. குளிர்காலத்தில் தெற்கு யன்னல்தான் அங்கே நல்லது, ஏனென்றால் அந்த ஊரில் சூரியன் தெற்கே தாழ நின்று அறைக்குள் வரும். இங்கே சொன்ன கிழக்கு யன்னல் கணக்கு அங்கே பொருந்தாது. இலை கண்ணாடியில் முட்டக் கூடாது, சூடாக்கியின் மேலும் வைக்கக் கூடாது. இலை எல்லாம் கொட்டும். கொட்டினால் பயந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதம் ஒரு கோப்பை, பங்குனியில் முனை பச்சையாகும்வரை.